பள்ளி மாணவியின் ஆய்வுக் கட்டுரை: ஒன்பதாயிரம் ரூபாய் கேட்ட இ-மெயிலும் 1899-ஆம் வருடப் புத்தகமும்

சென்ற வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. இரவு பத்து மணி இருக்கும். கம்பத்திலிருந்து போன். பேசியது என் பெரியப்பாவின் பேத்தி. எனக்கு அக்கா மகள் முறை. பதினொன்றாம் வகுப்பில் வரலாறு எடுத்துப் படித்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, என் கட்டுரைய ஒரு இன்டர்நேஷனல் ஜர்னல்ல ஏத்துக்கிட்டாங்க! நாளைக்குள்ள ஒன்பதாயிரம் ரூபா கட்டணுமாம். அம்மாகிட்ட நீங்கதான் சொல்லணும்."

எனக்கும் சந்தோஷம்தான். நான் இன்ஜினியரிங் முடித்து ஏழு வருடமாக சாப்ட்வேர் எழுதுகிறேன். கல்லூரியில் நான் எழுதிய ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டை பைண்டிங் கடைக்காரரைத் தவிர யாரும் புரட்டியிருக்க மாட்டார்கள். இவளோ பதினாறு வயதில் ஆய்வுக் கட்டுரை வெளியிடுகிறாள்! இருந்தாலும் அந்த இ-மெயிலை எனக்கு பார்வர்ட் செய்யச் சொன்னேன்.

அவளை "டாக்டர்" என்று அழைத்து மெயில் தொடங்கியது. வெள்ளிக்கிழமை மாலை அனுப்பிய கட்டுரை. ஞாயிற்றுக்கிழமைக்குள் இரண்டு நிபுணர்கள் படித்துப் பாராட்டிவிட்டார்களாம். சரி, கட்டுரையைப் பார்ப்போம் என்று அட்டாச்மென்ட்டைத் திறந்தேன். தலைப்பு முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பென்னிகுவிக் பற்றியது. முதல் பக்கம், மூன்றாவது வரி: "1985-ஆம் ஆண்டு அணை திறக்கப்பட்டது."

அணை திறக்கப்பட்டது 1895-ல். டைப் செய்யும்போது எண்கள் இடம் மாறிவிட்டன. நமக்கு நடப்பதுதான். ஆனால் 'இரண்டு நிபுணர்கள்' படித்ததாகச் சொல்கிறார்களே, அவர்கள் கணக்குப்படி அந்த அணை என்னைவிடப் பன்னிரண்டு வயதுதான் மூத்தது!

அவளுக்குப் போன் செய்து அந்த வரியை மட்டும் வாசிக்கச் சொன்னேன். வாசித்தாள். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "அப்ப யாருமே படிக்கலையா மாமா?" என்று கேட்டாள். பணம் போகவிருந்ததை விட அதுதான் அவளுக்கு வலித்தது.

வீட்டில் கம்ப்யூட்டர் வாங்கி, பிள்ளைகள் கையில் இ-மெயிலும் வந்துவிட்ட பெற்றோர்கள் இப்படி ஒரு மெயிலை எதிர்கொள்ள நேரிடலாம். அதனால்தான் இதை விவரமாக எழுதுகிறேன். பள்ளி மாணவர்கள் ஆய்வு செய்வது உண்மையாகவே முடிகிற காரியம். வரலாறு, மொழி, ஊர்ப் பழக்கவழக்கம் போன்ற பாடங்களில் அதற்கு வீட்டுக் கம்ப்யூட்டர் பெரிய துணை. வேதியியல் ஆய்வு என்றால் லேப் வேண்டும். வரலாற்றுக்குப் பழைய புத்தகங்களும், பேசுவதற்கு மனிதர்களும், பொறுமையும் போதும்.

ஒரு ஆசிரியர் தொடங்கிய இதழ்

மாணவர்களின் வரலாற்றுக் கட்டுரைகளுக்கு என்றே ஓர் இதழ் 1987-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் தொடங்கப்பட்டது. பெயர் 'தி கான்கார்ட் ரிவ்யூ'. தொடங்கியவர் வில் ஃபிட்ஸ்ஹியூ என்ற உயர்நிலைப் பள்ளி வரலாற்று ஆசிரியர். விளையாட்டில் நன்றாக ஆடும் மாணவனுக்கு மைதானம் இருக்கிறது, நன்றாக எழுதும் மாணவனுக்கு எதுவும் இல்லையே என்பது அவர் ஆதங்கம். பிற நாட்டு மாணவர்களும் எழுதலாம், ஆனால் ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். பல ஆயிரம் சொற்கள் நீளும் கட்டுரைகள், ஒவ்வொன்றின் கடைசியிலும் பக்கம் பக்கமாகக் குறிப்புகள். வருகிற கட்டுரைகளில் மிகச் சிறு பகுதிதான் அச்சேறும்.

அங்கேயும் கட்டுரை அனுப்பக் கட்டணம் உண்டு. எனவே 'பணம் கேட்டாலே மோசடி' என்று நான் சொல்லவில்லை. கட்டுரையைப் படிப்பதற்கு முன் எல்லோரிடமும் ஒரே மாதிரி வாங்கும் கட்டணம் வேறு, "ஏற்றுக்கொண்டோம், நாளைக்குள் கட்டு" என்று அவசரப்படுத்துவது வேறு. அக்கா மகளுக்கு வந்த மெயிலில் ஐ.எஸ்.எஸ்.என். எண் ஒன்றும் பெரிதாகப் போட்டிருந்தார்கள். அது தொடர் வெளியீடுகளை அடையாளம் காணத் தரப்படும் எட்டு இலக்க எண், அவ்வளவுதான். வண்டிக்கு நம்பர் பிளேட் இருப்பதால் ஓட்டுநருக்கு வண்டி ஓட்டத் தெரியும் என்று ஆகிவிடாது!

நான் பார்ப்பது ஒன்றே ஒன்று. பதில் கடிதத்தில் உங்கள் கட்டுரையில் உள்ள ஏதாவது ஒரு விஷயத்தைக் குறிப்பிட்டு எழுதியிருக்கிறார்களா? "நான்காம் பக்கத்தில் இப்படிச் சொல்கிறீர்களே, ஆதாரம் என்ன?" என்று ஒரு கேள்வியாவது இருக்கிறதா? யாருக்கு வேண்டுமானாலும் பொருந்துகிற பாராட்டு மட்டும் இருந்தால், படிக்கவில்லை என்று அர்த்தம்.

மறுபடி முதலிலிருந்து

பணம் கட்டவில்லை. ஆனால் பெண் சோர்ந்து போயிருந்தாள். அடுத்த சனிக்கிழமை நான் பஸ் ஏறிக் கம்பம் போய்விட்டேன். பெரியப்பா வீட்டு முன்னறையில் சுவாமி படங்களுக்குப் பக்கத்தில் பென்னிகுவிக் படமும் இருக்கும். ஜனவரி 15 அவர் பிறந்தநாள் என்பதால் பொங்கலோடு சேர்த்து அதையும் கொண்டாடுகிற ஊர்கள் அந்தப் பள்ளத்தாக்கில் உண்டு. அணைத் தண்ணீரில் நெல் விளைகிற பூமி அல்லவா!

கட்டுரையின் மையமே ஒரு செய்திதான். அணை கட்டும்போது வெள்ளம் வேலையை அடித்துக்கொண்டு போக, அரசாங்கம் பணம் தர மறுக்க, பென்னிகுவிக் இங்கிலாந்தில் இருந்த தன் சொத்துகளை விற்று வந்து கட்டி முடித்தார் என்பது. எங்கள் பக்கம் குழந்தைக்குக்கூடத் தெரிந்த கதை. அவளும் ஆதாரம் எதுவும் காட்டாமல் எழுதியிருந்தாள்.

"இதை எங்கே படிச்ச?" என்றேன்.

"எல்லாருக்கும் தெரியும்ல மாமா."

எல்லோருக்கும் தெரிந்த விஷயத்துக்கு ஆதாரம் தேடுவதில்தான் ஆய்வு தொடங்குகிறது என்று பெரிய மேதாவி மாதிரி சொல்லிவிட்டேன். எப்படித் தேடுவது என்று எனக்கும் அப்போது சரியாகத் தெரியாது. இரண்டு பேரும் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தோம்.

தேடுவதில் ஒரு சூட்சுமம்

பழைய புத்தகங்களைத் தேட முதலில் போக வேண்டிய இடம் 'இன்டர்நெட் ஆர்க்கைவ்'. 1996-ல் தொடங்கப்பட்ட இலவச மின்நூலகம். தமிழ் நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகமும், 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டமும் இருக்கின்றன. எல்லாம் நம் வீட்டு பிராட்பேண்டிலேயே திறக்கும். மிகப் பழைய நூல்கள் என்றால் காப்புரிமைப் பயமும் பெரும்பாலும் இல்லை. இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள் கடந்துவிட்டால் நூல் பொதுவுடைமை.

முதல் ஒரு மணி நேரம் ஒன்றும் உருப்படியாகக் கிடைக்கவில்லை. 'மதுரை' என்று இன்றைய ஆங்கில எழுத்தில் தேடிக்கொண்டிருந்தோம். பிரிட்டிஷ் கால நூல்களில் அந்த ஊர் 'மதுரா'. அதாவது ஆங்கிலத்தில் எழுதும்போது கடைசி 'ஐ' எழுத்து இருக்காது. அதை நீக்கித் தேடியதும் கதவு திறந்தது! தஞ்சாவூர், திருச்சி, தூத்துக்குடி என்று உங்கள் ஊர் எதுவானாலும் பிரிட்டிஷார் அதை எப்படி எழுதினார்கள் என்பதைக் கண்டுபிடித்துவிட்டுத் தேடுங்கள். பாதி வேலை முடிந்தது.

அப்படிக் கிடைத்தவை இரண்டு. ஒன்று, ஏ.டி. மெக்கன்ஸி எழுதி 1899-ல் சென்னையில் அச்சான பெரியாறு திட்ட வரலாறு. அந்தத் திட்டத்தில் வேலை பார்த்த இன்ஜினியரே எழுதியது. இன்னொன்று, டபிள்யூ. பிரான்சிஸ் தொகுத்து 1906-ல் வந்த மதுரை மாவட்ட கெஜட்டியர். அணை திறந்து நான்கு வருடத்தில் எழுதிய புத்தகம் நம் மானிட்டரில் பக்கம் பக்கமாகத் திறக்கிறது என்பது எனக்கே மயிர்க்கூச்செறிய வைத்தது. இதற்கெல்லாம் முன்பு நூலக அனுமதிக் கடிதத்தோடு சென்னைக்கு வந்து நின்றிருக்க வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை. ஸ்கேன் செய்த புத்தகத்துக்குள் ஒரு சொல்லைத் தேடும்போது, கம்ப்யூட்டர் படத்தைப் பார்த்து எழுத்தாக மாற்றி வைத்திருக்கும் பிரதியில்தான் தேடுகிறோம். ஓ.சி.ஆர். என்பார்கள். பழைய அச்சில் 'யு' எழுத்து 'என்' ஆகிவிடும், 'சி' எழுத்து 'இ' ஆகிவிடும். பென்னிகுவிக் பெயரில் இந்த இரண்டு எழுத்துகளும் இருக்கின்றன! எனவே தேடிக் கிடைக்கவில்லை என்றால் புத்தகத்தில் இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. நேராகப் பக்கங்களைப் படிக்க வேண்டும். அவள் படித்தாள். டிக்ஷனரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, காலாண்டு விடுமுறை முழுக்க.

1886-ல் திருவிதாங்கூரோடு போட்ட 999 ஆண்டுக் குத்தகை, மலையைக் குடைந்த சுரங்கம், வெள்ளம் திரும்பத் திரும்ப வேலையைக் கெடுத்தது, கூலியாட்களைக் கொன்ற நோய்கள் என்று குறிப்பு எடுத்தே ஒரு நோட்டு தீர்ந்தது. சொத்து விற்ற செய்தி மட்டும் அவள் படித்த வரையில் எங்கும் கண்ணில் படவில்லை.

ஒரு சாட் சாப்ட்வேரிடமும் கேட்டிருக்கிறாள். இன்று எல்லாப் பிள்ளைகளும் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள். அது தயங்காமல் ஒரு புத்தகத்தின் பெயர், ஆசிரியர், பக்க எண் எல்லாம் கொடுத்தது. இரண்டு நாள் தேடினோம். அப்படி ஒரு புத்தகத்தை எந்த நூலகப் பட்டியலிலும் எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. சாப்ட்வேர் எழுதிப் பிழைப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்த வகைக் கருவி பல நேரம் ஆதாரத்தைப் பார்க்காமலேயே, ஆதாரம் போலத் தோன்றும் சொற்களைக் கோத்துத் தந்துவிடுகிறது. ஆங்கிலப் பத்தி புரியவில்லை என்றால் விளக்கம் கேளுங்கள், சரிபார்த்துக்கொள்ளலாம். மேற்கோளுக்கு அதை நம்பாதீர்கள்.

பெரியப்பாவின் கோபம்

இப்போது ஒரு சிக்கல். புத்தகத்தில் இல்லை என்று அவள் சாப்பாட்டு நேரத்தில் சொல்லிவிட்டாள். பெரியப்பா தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"நீ கம்ப்யூட்டர்ல பார்த்துட்டு அந்த மனுசனைப் பொய்யுன்னு சொல்லுவியா ஆத்தா? நாம தின்கிற சோறு அவரு போட்டது."

வீடே கப்சிப். எனக்கும் சங்கடம். நான்தானே இதை இழுத்துவிட்டவன்! அவள் அழவில்லை. சற்று நேரம் கழித்து, "தாத்தா, இந்தக் கதைய உங்களுக்கு யாரு சொன்னா? அப்ப உங்களுக்கு என்ன வயசு?" என்று கேட்டாள். பெரியப்பா யோசித்தார். தன் அப்பா வெள்ளத்தையும் காய்ச்சலையும் பற்றித்தான் சொல்வாராம். சொத்து விற்ற கதையை எப்போது முதலில் கேட்டோம் என்று அவருக்கே நினைவுக்கு வரவில்லை.

அந்த இரவில்தான் அவளுக்கு உண்மையான ஆய்வுக் கேள்வி கிடைத்தது என்பேன். 'பென்னிகுவிக் சொத்தை விற்றாரா?' என்ற கேள்விக்கு அவளால் முடிவான விடை சொல்ல முடியாது. எழும்பூர் ஆவணக் காப்பகத்திலோ லண்டனிலோ அவள் பார்க்காத எத்தனையோ கோப்புகள் இருக்கலாம். ஒரு புத்தகத்தில் கிடைக்கவில்லை என்பதும் நடக்கவே இல்லை என்பதும் வேறு வேறு. ஆனால் 'இந்தக் கதையை எங்கள் ஊர்க்காரர்கள் எப்படியெல்லாம் சொல்கிறார்கள், யாரிடமிருந்து கேட்டார்கள்?' என்பது அவளால் விடை தேட முடிந்த கேள்வி. அமெரிக்காவில் இருக்கும் பேராசிரியரை விட அவளால்தான் நன்றாகத் தேட முடியும்.

கம்பத்திலும் பக்கத்து ஊர்களிலும் எழுபது வயதைத் தாண்டிய பதினொரு பேரிடம் பேசினாள். ரெக்கார்டர் எதுவும் வாங்கவில்லை, செல்போனே போதும். பதிவு செய்யலாமா, பெயர் போடலாமா என்று முதலில் கேட்டு, அவர்கள் 'சரி' சொல்வதையும் பதிவிலேயே வாங்கிக்கொண்டாள். அன்றன்றைக்கே பைலைக் கம்ப்யூட்டருக்கு மாற்றி, தேதி, ஊர் என்று பைலுக்குப் பெயர் வைக்கச் சொன்னேன். பென் டிரைவில் இன்னொரு காப்பி. மூன்றாவது பேட்டி எடுத்த வாரமே போன் தண்ணீர்த் தொட்டியில் விழுந்தது. காப்பி இருந்ததால் பிழைத்தோம்.

பதினொரு பேரும் சொன்ன கதைகளில் ஒன்று போல ஒன்று இல்லை. ஒருவர் மனைவியின் நகை என்றார், ஒருவர் வீடு என்றார், ஒருவர் கட்டிலைக்கூட விற்றார் என்றார். ஒரு பாட்டி, "அவரு வித்தாரோ இல்லையோ, வேலைக்குப் போன எங்க சனங்க திரும்பி வரல. அத எழுது" என்றிருக்கிறார். அந்த ஒரு வரிக்காகவே இந்தக் கட்டுரை எழுதப்பட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

எழுதுவதும் அடிக்குறிப்பும்

கட்டுரையைத் தமிழிலேயே எழுதுவது என்று முடிவாயிற்று. பேட்டிகள் தமிழில் இருக்கும்போது ஆங்கிலத்துக்கு மாற்றினால் பாட்டியின் வரி செத்துவிடும். யூனிகோட் எழுத்துருவில் டைப் செய்யுங்கள். வேறு பழைய எழுத்துருக்களில் டைப் செய்து அனுப்பினால் எதிர்முனையில் கோழி கிளறியது மாதிரி தெரியும்.

அடிக்குறிப்பு எண்களைக் கையால் டைப் செய்யாதீர்கள். நடுவில் ஒன்று சேர்த்தால் எல்லா எண்களும் தவறிவிடும். எம்.எஸ். வேர்டில் கர்சரை வாக்கியத்தின் கடைசியில் வைத்து, கண்ட்ரோல், ஆல்ட் இரண்டையும் அழுத்திக்கொண்டு எஃப் கீயைத் தட்டுங்கள். எண் தானாக வரும், பக்கத்தின் கீழே குறிப்பு எழுத இடமும் திறக்கும். பணம் கொடுத்து வேர்ட் வாங்க வேண்டாம் என்றால் லிப்ரே ஆபீஸ் இலவசம். அதில் இன்செர்ட் மெனுவில் இதே வசதி உண்டு.

படித்த நூல்களைப் பட்டியலிட்டு வைக்க 'ஸோட்டேரோ' என்ற இலவச சாப்ட்வேர் இருக்கிறது. 2006-ல் அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் உருவானது. நூல் விவரத்தை ஒருமுறை கொடுத்துவிட்டால், வேர்டிலோ லிப்ரே ஆபீஸிலோ அடிக்குறிப்பை அதுவே வடிவமைத்துத் தரும். அக்கா மகள் அரை நாளில் கற்றுக்கொண்டாள். எனக்கு ஒரு நாள் ஆனது, வெளியில் சொல்லவில்லை.

தான் பார்க்காத ஆவணங்கள் எவை என்று கட்டுரையில் ஒரு பத்தி எழுதச் சொன்னேன். "நம்ம குறைய நாமளே சொல்லணுமா?" என்று முகம் சுளித்தாள். பிறகு எழுதினாள்.

இரண்டு பக்கக் கடிதம்

எங்கே அனுப்புவது? விக்கிப்பீடியாவில் போடலாமே என்று அவள் தோழி சொல்லியிருக்கிறாள். அது கூடாது. ஏற்கெனவே வெளியான செய்திகளைத் தொகுக்கும் இடம் அது. சொந்த ஆய்வை அங்கே ஏற்பதில்லை. அவள் பள்ளி வரலாற்று ஆசிரியை, உள்ளூர் வரலாற்றுக்காக வெளிவரும் ஒரு சிறிய தமிழ் இதழின் முகவரி கொடுத்தார். பளபளப்பு இல்லாத இதழ். கட்டணம் எதுவும் கேட்கவில்லை.

ஏழு வாரம் பதிலே இல்லை. எட்டாவது வாரம் இரண்டு பக்கக் கடிதம் வந்தது. பாராட்டு ஒரு வரி. மீதி முழுக்கக் கேள்விகள். பேட்டி கொடுத்த பதினொரு பேரில் ஏன் இரண்டே பெண்கள்? பாட்டி சொன்ன 'திரும்பி வராத சனங்கள்' பற்றி 1899 நூலில் நோய் குறித்த பகுதியோடு ஒப்பிட்டீர்களா? ஐந்தாம் பக்கத்தில் 'மக்கள் நம்புகிறார்கள்' என்கிறீர்களே, எத்தனை மக்கள்?

எனக்குப் படிக்கவே மூச்சு முட்டியது. அவளோ போனில் குதிக்கிறாள். "மாமா, ஐந்தாம் பக்கம் வரைக்கும் படிச்சிருக்காங்க!"

மேலும் நான்கு பாட்டிகளிடம் பேசி, இரண்டு முறை திருத்தி எழுதினாள். இந்த வருடம் இதழில் ஒன்பது பக்கம் வந்தது. அவளுக்கு இரண்டு பிரதிகள் கொடுத்தார்கள், அவ்வளவுதான் சன்மானம்.

பெரியப்பா அன்று முழுக்க இதழைத் தொடவில்லை. மறுநாள் காலையில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்து, அடிக்குறிப்பு உட்பட ஒரு வரி விடாமல் படித்து முடித்தார். பிறகு பேத்தியைக் கூப்பிட்டார்.

"பதினாலாவது குறிப்புல என் இனிஷியலத் தப்பாப் போட்டிருக்க ஆத்தா."

அடுத்த இதழில் திருத்தம் போடச் சொல்லி இ-மெயில் அனுப்பியிருக்கிறாள்.